பெரிய டயர், உடைந்த ஹாஃப் ஷாஃப்ட், 109இன் ஆக்சில்: என் சீரீஸ் 3 லேண்ட் ரோவரோடு ஏழு வருடம்

எங்களுடையது சீரீஸ் 3 லேண்ட் ரோவர், 88 அங்குல வீல்பேஸ் உள்ள கட்டை வண்டி. எஞ்ஜின் பழைய 2286 சிசி டீசல். அப்பா ஒரு தோட்டத்து ஏலத்தில் எடுத்தது. இலங்கை மலைநாட்டில், ஹப்புத்தளைக்கு மேலே தம்பதென்னைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மரக்கறித் தோட்டம் இருக்கிறது. கரட், லீக்ஸ், கோவா எல்லாம் இந்த வண்டியில்தான் இறங்கும். பசளை இந்த வண்டியில்தான் ஏறும். தார் ரோட்டிலிருந்து தோட்டத்துக்குப் போகும் கடைசி மூன்று கிலோமீற்றர் கல்லும் சேறும்தான். மழை பெய்தால் வேறு வாகனம் அந்தப் பக்கம் வராது.

2018இல் டயரை மாற்றினேன். அதுவரை ஆறு அங்குல அகலத்தில், 16 அங்குல ரிம்முக்கான 6.00-16 ஓடியது. அதைக் கழற்றிவிட்டு நீட்டு வண்டியான 109க்கு வரும் 7.50-16 போட்டேன். ரிம்மும் 109இனுடையதுதான், ஐந்தரை அங்குல அகலம். 88இன் பழைய ரிம் ஐந்து அங்குலம், அதில் 7.50 டயரை ஏற்றினால் பக்கச்சுவர் பிதுங்கி நிற்கும். ஐந்து நட்டும் அப்படியே பொருந்தின. வண்டி ஒன்றரை அங்குலம் உயர்ந்தது. முன்பு வயிற்றில் இடித்த கல்லெல்லாம் இடிக்காமல் போனது. அந்த முதல் மாதம் என் சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

பண்டாரவளையில் நான் போகும் கராஜ் பாஸுக்கு, அதாவது மெக்கானிக்குக்கு மட்டும் சந்தோஷம் இல்லை. வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, காலு பெருசாயிருச்சு. இடுப்பு தாங்குமா?"

அவர் இடுப்பு என்றது பின் சக்கரங்கள் இரண்டும் மாட்டியிருக்கும் பின் ஆக்சிலை. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. 6.00 டயரின் உயரம் ஏறக்குறைய 730 மில்லிமீற்றர், 7.50இன் உயரம் 800க்குச் சற்று மேல். பத்து வீதம் கூடுதல். அதனால் எந்த கியரிலும் வண்டி பத்து வீதம் கூடுதலாக ஓடும், ஏற்றத்தில் அதே அளவு இழுவை குறையும். ஸ்பீடோமீற்றர் 50 என்று காட்டும்போது உண்மையில் 55இல் போகிறோம். பிரேக்குக்கும் அதே கதைதான்: பத்து அங்குல ட்ரம் அப்படியே இருக்க, அது பிடித்து நிறுத்த வேண்டிய சக்கரம் பெரிதாகிவிட்டது. பெரகலைக்கு இறங்கும் ரோட்டில் பெடலை இன்னும் அழுத்தி மிதிக்க வேண்டியிருந்தது. லோட் இருந்ததால் அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

ஆக்சிலுக்குள் இருந்து சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஹாஃப் ஷாஃப்டுக்கு நேர்வதுதான் இதில் பெரிய விஷயம். கல்லில் டயர் கெட்டியாகப் பிடித்து நிற்கும்போது ஷாஃப்டில் விழும் முறுக்கு டயரின் ஆரத்தோடு சேர்ந்து கூடும். சின்ன டயர் வழுக்கித் தப்பிவிடும் இடத்தில் பெரிய டயர் பிடித்துக்கொள்ளும், அந்தப் பலம் முழுவதையும் ஷாஃப்ட் வாங்கும். சீரீஸ் 88இன் பின் ஹாஃப் ஷாஃப்ட், ஆக்சிலின் நடுவில் இரு சக்கரத்துக்கும் பலத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷலுக்குள் நுழையும் முனையில் பத்துப் பல் மட்டுமே உண்டு. புது வண்டியாக ஓடிய காலத்திலேயே இது பலவீனமான இடம் என்று பேரெடுத்த சாமான்.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தார்கள். யூரியா மூட்டை போன இடத்துக்கு மாட்டெரு போனது. ஒரு நிலத்துக்கு இரண்டு மூன்று மூட்டை யூரியா போதும் என்றால், மாட்டெரு லோட் லோடாக வேண்டும். அந்த வருடம் நான் ஏற்றிய பாரத்தை அதற்கு முன் இந்த வண்டியில் ஏற்றியதே இல்லை.

ஆகஸ்டில் ஒரு காலை. மழை விட்ட ஈரம். கல் ஏற்றத்தில் ஹை ரேஞ்சில், முதல் கியரில், பின் சக்கர இழுவையில் மட்டும் போய்க்கொண்டிருந்தேன். சிவப்பு லீவரை இழுத்து, வேகம் குறைந்து இழுவை கூடும் லோ ரேஞ்சில் போட்டிருக்க வேண்டும், அவசரத்தில் போடவில்லை. இடது பின் சக்கரம் ஒரு கல்லில் முட்டி நின்றது. கிளட்சை விட்டேன். காலுக்குக் கீழே "டக்" என்று ஒரே ஒரு சத்தம். எஞ்ஜின் மட்டும் சுழன்றது, வண்டி பின்னால் உருளத் தொடங்கியது.

கால் பிரேக்கை மிதித்தேன், நின்றது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுக் காலைத் தளர்த்தினேன், மறுபடி உருண்டது. சீரீஸ் வண்டியில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் பிடிப்பதில்லை. முன், பின் ஆக்சில்களுக்கு இழுவையை அனுப்பும் ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸுக்குப் பின்னால், அங்கிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டில் பிடிக்கிறது. ஒரு பக்க ஹாஃப் ஷாஃப்ட் உடைந்துவிட்டால், ப்ரொப்பெல்லரைப் பிடித்து வைத்தாலும் மறுபக்கச் சக்கரம் டிஃபரன்ஷல் வழியாகத் தாராளமாகச் சுழலும். இதை எழுதும்போதும் எனக்குக் கை குளிர்கிறது. பின்னால் எரு மூட்டைகளின் மேல் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

பிரேக்கில் காலை வைத்தபடியே, முன் சக்கர இழுவையைச் சேர்க்கும் மஞ்சள் குமிழை அமுக்கினேன். வண்டி ஒரு சாண் பின்னால் நகர்ந்ததும் முன் ஆக்சில் சேர்ந்துகொண்டது, ஹேண்ட் பிரேக்கும் முன் சக்கரம் வழியாகப் பிடித்தது. அவர்களை இறக்கி, மூட்டையை இறக்கி, முன் சக்கர இழுவையிலேயே வீடு வரை வந்தோம். சீரீஸ் ஆக்சிலில் வண்டியின் பாரத்தைச் சக்கரம் மாட்டும் ஹப்பும் அதன் பெயரிங்கும் தாங்குகின்றன. ஷாஃப்ட் சுழற்றும் வேலையை மட்டும் செய்கிறது. ஆகவே ஷாஃப்ட் உடைந்தாலும் சக்கரம் கழன்று போகாது. அந்த வடிவமைப்புக்கு நான் நன்றி சொல்லாத நாள் இல்லை.

மறுநாள் ஹப்பில் ஆறு போல்ட்டைக் கழற்றி ஷாஃப்டை உருவினோம். முக்கால் பங்குதான் வந்தது. பல் உள்ள முனை டிஃபுக்குள்ளேயே நின்றுவிட்டது. மறுபக்க ஷாஃப்டையும் உருவி, அந்த வழியாக நீண்ட கம்பியை விட்டுத் தட்டியதும் துண்டு வெளியே விழுந்தது. பாஸ் அதைத் துணியில் துடைத்து என் கையில் தந்தார். பத்துப் பல்லும் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு, பிழிந்த துணி மாதிரி இருந்தது. உடைந்த முகத்தில் பாதி பழைய கறுப்பு, பாதி புது வெள்ளி நிறம். அதாவது விரிசல் முன்பே விழுந்திருக்கிறது, அன்று காலை மிச்சப் பாதிதான் போனது.

இனி என்ன செய்வது? புது வண்டி வாங்கும் பேச்சுக்கு இடமில்லை; 2020இலேயே வாகன இறக்குமதியை நிறுத்திவிட்டார்கள், பழைய வண்டிகளின் விலை ஏறிக் கிடந்தது. அதே மாதிரி ஷாஃப்ட் போட்டால் மறுபடி உடையும். நல்ல இரும்பில் செய்த ஷாஃப்டை வெளிநாட்டிலிருந்து எடுக்கலாம், ஆனால் டிஃப் பழையதாகவே இருக்கும். பலர் பிந்திய லேண்ட் ரோவரான டிஃபன்டரின் 3.54 டிஃபைப் போடச் சொன்னார்கள். சீரீஸின் விகிதம் 4.7, அதாவது சக்கரம் ஒரு சுற்று வர ப்ரொப்பெல்லர் 4.7 சுற்று சுற்றும். 3.54 போட்டால் எஞ்ஜின் கால்வாசி குறைவாகச் சுற்றும், ரோட்டில் நிம்மதி. ஆனால் பெரிய டயரால் ஏற்கனவே பத்து வீத இழுவையை இழந்த 62 குதிரைச்சக்தி டீசலுக்கு அதைச் செய்தால் மலையில் ஏறவே ஏறாது. கொழும்பில் ஓட்டுபவருக்கு அது சரி. எனக்கில்லை.

பாஸ் சொன்னது சாலிஸ்பரி. சீரீஸ் 3இன் 109க்கு வரும் பின் ஆக்சில் அது. டிஃப் பெரியது, ஷாஃப்ட் தடிமன், விகிதம் அதே 4.7. ஆக்சிலின் அகலமும் 88இனுடையதேதான், சக்கரம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்காது.

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் இரண்டு நாள் அலைந்தோம். முதல் கடையில் காட்டியதும் சாலிஸ்பரிதான், ஆனால் பிந்திய மாடலான 110இனுடையது. கொயில் ஸ்பிரிங்குக்கான தாங்கிகள் அதில் இருந்தன, எங்களுடையதோ பட்டை ஸ்பிரிங். விகிதத்தையும் சுற்றிப் பார்த்தோம். ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதை இரண்டு சுற்று சுற்றினால், ப்ரொப்பெல்லர் மாட்டும் பினியன் ஃபிளாஞ்ச் எத்தனை சுற்று வருகிறதோ அதுவே விகிதம். மூன்றரை வந்தது. முன்னே 4.7, பின்னே 3.54 என்று மாட்டி ஃபோர் வீல் போட்டால் கியர் பெட்டியே நொறுங்கிவிடும். வாங்க நினைப்பவர்கள் இந்த ஒரு சோதனையை விடாதீர்கள். சோக் கட்டியை எடுத்துப் போய் ஃபிளாஞ்சில் ஒரு கோடு போட்டால் போதும். இரண்டாம் நாள் சரியானது கிடைத்தது. மனைவியின் இரண்டு காப்புகள் அதற்காக அடகுக்குப் போயின. மீட்க ஒன்றரை வருடம் ஆனது.

மாட்டும் வேலை ஐந்து நாள். ஸ்பிரிங் இருக்கை பொருந்தியது, யூ போல்ட் பொருந்தவில்லை. குழாய் தடிமன் என்பதால் புதிதாக அடித்தோம். சாலிஸ்பரியின் மூக்கு நீளம், அதனால் ப்ரொப்பெல்லரைக் கட்டையாக்க வேண்டும். முதலில் கொடுத்த லேத்தில் நேராக ஒட்டவில்லை. மணிக்கு 45 கிலோமீற்றரில் இருக்கை அதிர்ந்தது. வேறிடத்தில் மறுபடி வெட்டி ஒட்டிய பிறகுதான் அடங்கியது.

பிரேக்கில் நான் ஒரு ரூபாய்கூட மிச்சம் பிடிக்கவில்லை. பின்னே 109இன் பதினொரு அங்குல ட்ரம் ஆக்சிலோடு வந்தது. முன்னேயும் 109இன் பதினொரு அங்குலத்தைத் தேடிப் போட்டோம். அப்புறம் பெடல் பாதிக்கு மேல் இறங்கியது. பெரிய வீல் சிலிண்டர்களுக்கு 88இன் மாஸ்டர் சிலிண்டர் தள்ளும் ஒயில் போதவில்லை. 109இன் மாஸ்டர் போட்ட அன்று பெரகலை இறக்கத்தில் வண்டி நான் நினைத்த இடத்தில் நின்றது. இந்த மொத்த வேலையில் என் மனதுக்கு மிகவும் பிடித்தது ஆக்சில்கூட இல்லை, இந்த பிரேக்தான்.

2022இல் நாட்டில் டீசல் இல்லாமல் வண்டி வாரக்கணக்கில் நின்றது. முன் சக்கரம் இரு பக்கமும் திரும்ப இடம் தரும், முன் ஆக்சிலின் ஸ்விவல் உருண்டையில் க்ரோம் உரிந்து துரு குழி விழுந்தது. ஓடும் வண்டியில் ஒயில் பூசிக்கொண்டே இருக்கும், நிற்கும் வண்டியில் காய்ந்துவிடும். குழி விழுந்த உருண்டை சீலைக் கிழித்து இபி 90 கியர் ஒயிலை ரிம்மில் வடித்தது. உருண்டை இரண்டையும் சீல்களையும் மாற்றினேன். இப்போது வண்டி நின்றாலும் வாரம் ஒரு முறை ஸ்டியரிங்கை முழுதாக இரு பக்கமும் திருப்பி வைக்கிறேன்.

சாலிஸ்பரி போட்டு நான்கு வருடம் ஆகிறது, ஒரு ஷாஃப்ட்கூடப் போகவில்லை. எரு, உருளைக்கிழங்கு, ஒரு தடவை சீமெந்து என்று எல்லாம் ஏற்றிவிட்டேன். குறை இல்லாமல் இல்லை. வெறும் வண்டியில் பின்பக்கம் துள்ளுகிறது, ஆக்சிலின் பாரம் அப்படி. டயர் தந்த உயரத்தில் கொஞ்சத்தைச் சாலிஸ்பரியின் பெரிய வயிறு திரும்ப வாங்கிக்கொண்டது. நடுவே மேடான தடத்தில் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். 7.50 டயர் முழுத் திருப்பத்தில் முன் ஸ்பிரிங்கில் உரசாமலிருக்க திருப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்டொப் போல்ட்டை இன்னும் வெளியே நீட்டி வைத்தோம், அதனால் ஒரே மூச்சில் திரும்பிய இரண்டு கொண்டையூசி வளைவுகளில் இப்போது ஒரு தடவை ரிவர்ஸ் எடுக்கிறேன். டிஃபுக்கு ஒன்றே முக்கால் லீட்டர் போன ஒயில் இப்போது இரண்டரை லீட்டர்.

மறுபடி செய்தால் முதலில் பிரேக், அடுத்து ஆக்சில், கடைசியில் டயர் என்றுதான் போவேன். இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு சுற்றிப் பார்க்க மட்டும் ஓட்டுபவருக்கு இவ்வளவு தேவையில்லை, 6.00 டயரும் நல்ல நிலையில் உள்ள பழைய ஷாஃப்டும் போதும்.

பழைய பின் டிஃபைக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள், கொடுக்கவில்லை. என் வண்டியின் முன் ஆக்சிலில் இருப்பதும் அதே டிஃப்தான். கிறீஸ் பூசி, உரச்சாக்கில் சுற்றி, கொட்டகையில் பலகை மேல் வைத்திருக்கிறேன்.