கப்பல் பட்டியலில் தேட மாண்டிகோரா, எலாஸ்டிக்சர்ச்சா?

டர்பனில் மூதாதையர் பெயர் தேடுவோருக்காக, 1860இல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களுடன் வந்த ட்ரூரோ தொடங்கிக் கப்பல் பட்டியல்களை ஒரு வலைச்செயலியில் ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். மாண்டிகோர், எலாஸ்டிக்சர்ச் இரண்டும் தேடுபொறி மென்பொருள்கள். மாண்டிகோர் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் நெறிமுறையையே பேசும். பிஎச்பி நிரலில் இருக்கும் தரவுத்தள இணைப்பில் போர்ட்டை 9306 என்று மாற்றினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. இன்செர்ட்டும், அதாவது புதிய வரிசை சேர்ப்பதும், நடக்கும். எத்தனை வரிசை வேண்டும் என்று லிமிட் போடாவிட்டால் 20 வரிசைதான் வரும். மீதி எங்கே என்று குழம்ப வேண்டாம்.

எலாஸ்டிக்சர்ச்சில் எஸ்க்யூஎல் வினவல் மொழி தரவைப் படிக்க மட்டும்தான். எச்டிடிபியில் வினவலாம், ஜாவா நிரல்களை இணைக்கும் ஜேடிபிசி டிரைவருக்கோ கட்டண உரிமம் வேண்டும். தரவு ஏற்றுவதெல்லாம் தனியாக ஜேசன் (JSON) வடிவில்.

சரி, மூன்சாமி, முனுசாமி என்று குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய பெயர்கள்? மாண்டிகோரில் ஒலி ஒத்த பெயர்களைப் பொருத்தும் மெட்டாஃபோன் உள்ளேயே இருக்கிறது, எலாஸ்டிக்கில் அதற்கொரு செருகுநிரல் நிறுவ வேண்டும். இந்த அளவு வேலைக்கு என் ஓட்டு மாண்டிகோருக்கே.