கொங்கு மழைக் கோப்புகளைச் சோதிக்க எந்தக் கட்டளை?

தென்மேற்குப் பருவமழை வால்பாறையில் கொட்டித் தீர்க்கும் நாளில் பல்லடத்தில் தூறல்கூட விழாமல் போவது கொங்கு நாட்டில் வழக்கம். ஆகவே இப்பகுதிக்கான மழைத் தரவுக் கோப்பைத் திறப்பவர், எந்தப் புள்ளியின் எண்ணைப் பார்க்கிறோம், அது எந்த அலகில் இருக்கிறது என்ற இரண்டையும் முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

வானிலைத் தரவுக்குப் பரவலாகப் பயன்படும் வடிவங்களில் ஒன்றான நெட்சிடிஎஃப் கோப்புகளுக்கு, அமெரிக்காவின் யூனிடேட்டா அமைப்பு தரும் என்சிடம்ப் கருவியே பலரின் முதல் தேர்வு. 'என்சிடம்ப் -எச்' என்று தட்டினால், எண்களைக் கொட்டாமல் மாறிகளின் பெயர், அலகு போன்றவை அடங்கிய தலைப்பகுதியை மட்டும் காட்டும். ஐரோப்பிய வானிலை முன்கணிப்பு மையத்தின் மறுபகுப்பாய்வான ஈஆர்ஏ5 தரவில் மொத்த மழை மீட்டரில் பதிவாகிறது என்பதையும், ஆகவே 0.02 என்றால் 20 மில்லிமீட்டர் என்பதையும் அங்கேயே தெரிந்துகொள்ளலாம். ஆனால் தலைப்பகுதி சொல்வது கோப்பைப் பற்றிய அறிவிப்பு மட்டுமே. உள்ளே உண்மையில் என்ன இருக்கிறது என்பதை, மாக்ஸ் பிளாங்க் வானிலையியல் நிறுவனத்தின் சிடிஓ கருவி 'இன்ஃபோன்' கட்டளையில் சிறுமம், சராசரி, பெருமம் என்று வரிசையாகக் காட்டிவிடுகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் 0.25 பாகைக் கட்ட மழைத் தரவில், விடுபட்ட இடங்கள் −999 என்று குறிக்கப்படுகின்றன. அது விடுபட்ட மதிப்பாக அறிவிக்கப்படாத கோப்பில், சிறுமம் −999 என்று வந்து உடனே காட்டிக்கொடுக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் சிடிஓவை முன்னே வைப்பேன்.

முன்கணிப்பு மையங்கள் பயன்படுத்தும் மற்றொரு வடிவமான கிரிப் கோப்புகளில் நிலைமை வேறு. அமெரிக்காவின் டபிள்யூகிரிப்2 கருவி விரைவானது. அமெரிக்க உலக வானிலை மாதிரியான ஜிஎஃப்எஸ்ஸின் முன்கணிப்புகளுக்கு மிகப் பொருத்தமானது. ஆனால் பழைய கிரிப்1 வடிவத்தை அது படிக்காது. ஐரோப்பிய மையத்தின் கிரிப்_எல்எஸ் கருவி கிரிப்1, கிரிப்2 இரண்டையும் படிக்கும். மேலும், '-எல்' உடன் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் கொடுத்தால் அருகிலுள்ள நான்கு புள்ளிகளின் மதிப்புகளையும் தரும். 0.25 பாகைக் கட்டத்தில் பொள்ளாச்சிக்குக் கேட்டால் அந்த நான்கில் ஒன்று 10.5 வடக்கு, 77.0 கிழக்கு, அது ஆழியாறு அணையை ஒட்டிய மலையடிவாரம். மற்ற மூன்றோடு அதை ஒப்பிட்டாலே, மழை எவ்வளவு தூரத்தில் மாறுகிறது என்பது புலப்படும்.

நாள் மொத்தம் எடுப்பதில் சிடிஓவுக்கு ஈடில்லை. நம் வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30க்கு, அதாவது உலக நேரம் 3 மணிக்கு முடிகிறது. எனவே அந்த மழை நாள் முழுவதும் ஒரே தேதிக்குள் அடங்க, ஈஆர்ஏ5 மணிவாரித் தரவின் நேரத்தோடு 'ஷிஃப்ட்டைம்' கொண்டு 20 மணி நேரத்தைக் கூட்டிய பிறகே, நாள்வாரியாகக் கூட்டும் 'டேசம்' கட்டளையைப் போட வேண்டும்.