எட்சிங் உள்ள ஜெர்மன் பயோனெட் வாங்குகிறீர்களா? எழுத்தைவிடப் பள்ளத்தைப் பாருங்கள்

எட்சிங் செய்த, அதாவது கத்தி அலகில் அமிலத்தால் எழுத்து பொறித்த, ஜெர்மன் டிரெஸ் பயோனெட் (சிப்பாய்கள் அணிவகுப்புக்கு இடுப்பில் அணிந்த அலங்காரக் கத்தி) தேடுகிறவர்கள் பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஜெர்மனியில் இருக்கும் ஒரு வியாபாரி இணையம் வழியாக எனக்கு ஒன்றை விற்று ஏமாற்றியிருக்கிறார்.

வந்தது சோலிங்கன் நகரத்து ஐக்ஹார்ன் நிறுவனத் தயாரிப்பு, கே.எஸ். 98 என்ற ரகம். அந்த நிறுவனத்தின் அணில் முத்திரை அசல். கறுப்புப் பிடி, உறை, அலகின் நிக்கல் முலாம் எல்லாமே அசல். அலகில் பொறித்திருக்கும் 'சூர் எரின்னெருங் ஆன் மைனே டீன்ஸ்ட்சைட்' என்ற வரி மட்டும் புதிது. 'என் ராணுவ சேவையின் நினைவாக' என்று பொருள். அந்த ஒரு வரிக்காகத்தான் சாதாரணக் கத்தியைப் போல மூன்று மடங்கு விலை கொடுத்தேன்.

இந்த மோசடிக்கு ஏன் இத்தனை வசதி என்றால், மூலப்பொருள் ஏராளம். 1935 மார்ச்சில் ஜெர்மனியில் கட்டாய ராணுவ சேவை திரும்ப வந்தது. அணிவகுப்புக்கும் வெளியே போகும்போது இடுப்பில் தொங்கவிடவும் சிப்பாய்கள் சொந்தக் காசில் இந்தக் கத்திகளை வாங்கினார்கள். எட்சிங் வேண்டுமென்றால் கூடுதல் பணம், அதனால் பெரும்பாலோர் வெறும் அலகோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்த வெறும் கத்திகள் இன்றும் மலிவாகக் கிடைக்கின்றன. ஒரு ஸ்டென்சிலும் கொஞ்சம் அமிலமும் இருந்தால் போதும், விலை எகிறிவிடும்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தக் காலத்தில் எழுத்தும் இலைக்கொடியும் வர வேண்டிய இடத்தை அமிலம் தீண்டாத பூச்சால் மூடி, மீதியை அரிக்க விடுவார்கள். எழுத்து மேடாக நிற்கும், சுற்றிலும் சாம்பல் பூத்த பள்ளம். அதற்குப் பிறகுதான் முலாம். ஆகவே அசலில் பள்ளத்துக்குள்ளும் முலாம் இறங்கியிருக்கும், உறையில் உரசி உரசித் தேய்ந்தால் மேட்டில்தான் தேயும். என்னுடையதில் எல்லாம் தலைகீழ். நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால், எழுத்தின் மேல்பகுதியில் முலாம் முழுசாக இருக்கிறது, பள்ளத்தில் வெற்று இரும்பு. எழுத்தின் ஓரத்தில் முலாம் நேராக முடியாமல் பொடிப்பொடியாகப் பிய்ந்து நிற்கிறது. கோடை வந்ததும் அந்தப் பள்ளத்தில் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் துரு பூத்தது. மற்ற இடமெல்லாம் பளிச்சென்றுதான் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. பிராக்தூர் என்ற பழைய ஜெர்மன் எழுத்து வடிவத்தில் 'டீன்ஸ்ட்' என்ற சொல்லின் நடுவே வரும் எஸ் நீட்டி எழுதப்படும். இதில் சொல்லின் கடைசியில் வர வேண்டிய சுருட்டை எஸ் உட்கார்ந்திருக்கிறது. கணினியில் கிடைத்த ஏதோ எழுத்துருவை அப்படியே வெட்டியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது, ஆனால் முலாமோடு சேர்த்துப் பார்த்தால் சந்தேகத்துக்கு இடமில்லை.

வியாபாரியிடம் கேட்டேன். "பயோனெட் அசல்தானே? பில்லில் என்ன எழுதியிருக்கிறேனோ அதைத்தான் கொடுத்தேன்" என்றார். பில்லை எடுத்துப் பார்த்தால் தயாரிப்பாளர் பெயர், நீளம், 'நல்ல நிலை'. எட்சிங் பற்றி ஒரு சொல் இல்லை! விளம்பரப் படம் முழுக்க அந்த எழுத்துதான், விலையும் அதற்குத்தான், பில்லில் மட்டும் அது காணாமல் போயிருக்கிறது. தெரிந்தே விட்டிருக்கிறார். எனக்கு ஆறவே இல்லை.

ஜெர்மனியில் வியாபாரியிடம் இணையத்தில் வாங்கினால், கைக்கு வந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். தனிநபர் விற்றால் அந்த உரிமை கிடையாது. துரு தெரிந்தபோது எனக்கு அந்தக் கெடு முடிந்திருந்தது. ஆனாலும் வேண்டுமென்றே ஏமாற்றியிருந்தால், அது தெரிய வந்ததிலிருந்து ஓராண்டுக்குள் ஒப்பந்தத்தையே செல்லாததாக்க ஜெர்மன் சிவில் சட்டத்தின் 123, 124ஆம் பிரிவுகளில் வழி இருக்கிறது. விளம்பரப் படங்களைச் சேமித்து வைத்திருந்தேன். லென்ஸ் படங்களையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை.

வாங்கப் போகிறவர்கள் எழுத்தின் ஓரத்தை மட்டும் நெருக்கமாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 'எட்சிங் தயாரிப்புக் காலத்தது' என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். மழுப்பினால் அப்புறம் பேச்சே வேண்டாம், விட்டுவிடுங்கள். அதே ஆள் இப்போது இன்னொன்றை விற்பனைக்குப் போட்டிருக்கிறார். இந்த முறை டபிள்யூ.கே.சி. என்ற வேறொரு தயாரிப்பாளரின் முத்திரை, ஆனால் அதே எழுத்து, அதே சுருட்டை எஸ்.