நாய்க்குக் காலணி: இழுத்து மாட்டும் ரப்பரா, பட்டை வைத்த ஷூவா?

சித்திரை வெயிலில் காரைக்குடித் தார்ச்சாலையில் புறங்கையை 7 விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது.

பலூன்போல இழுத்து மாட்டும் மெல்லிய ரப்பர் உறையில் பாதம் தரையை உணர்வதால் நாய் சீக்கிரம் பழகிவிடும். ஆத்தங்குடிக் கல் பதித்த வீட்டு உள்முற்றத்தில் வழுக்கும் வயதான நாய்க்கு அருமையான பிடிமானம். ஆனால் சீமைக்கருவேல முள் நேரே உள்ளே ஏறும், சூட்டையும் பெரிதாகத் தடுக்காது. நாய்க்குப் பாதத்தில் வியர்க்கும். ஈரம் தேங்கினால் விரலிடுக்கு சிவந்து புண்ணாகும். வீடு வந்ததும் கழற்றித் துடைத்துவிடுங்கள்.

வெளியே நடக்க, கெட்டி அடிப்பாகமும் வெல்க்ரோ பட்டையும் உள்ள ஷூதான் சரி. இதில் தவறு நேர்வதெல்லாம் அளவில்தான். நகத்தை வெட்டிவிட்டு, ஒரு முன்காலைக் காகிதத்தில் வைத்து, மற்ற முன்காலைத் தூக்கிப் பிடியுங்கள். எடை இறங்கிப் பாதம் விரியும். அப்போது இருபுறமும் கோடு போட்டு அகலத்தை அளக்க வேண்டும். பின்பாதம் பெரும்பாலும் குறுகல். நான்கும் ஒரே அளவில் வாங்கினால் பின்னவை சுழன்று கழலும்.

பட்டைக்குள் ஒரு விரல் நுழைய வேண்டும். சிப்பிப்பாறை போன்ற ஒல்லிக்கால் நாய்க்குப் பட்டை நிற்காது; அதற்காக இறுக்கினால் பாதம் வீங்கும். உள்ளே மெல்லிய பருத்தி சாக்ஸ் போடுங்கள், காலின் உட்புறம் சற்று மேலே இருக்கும் மேல்நகம் உரசுவதும் குறையும். முதல் நாள் வீட்டுக்குள் 5 நிமிடம் போதும்.