மென்பொருள்களை இணைக்க நான்கு வழிகள்: எது யாருக்கு?

விற்பனைக்கு ஒரு மென்பொருள், கணக்குக்கு இன்னொன்று, சரக்கிருப்புக்கு வேறொன்று, சம்பளத்துக்கு மற்றொன்று. வளர்ந்துவரும் நிறுவனங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில், ஒவ்வொரு பிரிவு கேட்டு வாங்கியது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே ஓடும். ஒன்றில் இருக்கும் தகவல் இன்னொன்றுக்குப் போக வேண்டிய இடத்தில்தான் சிக்கல்.

இணைத்தால் நேரம் மிச்சம் என்பார்கள் விற்பவர்கள். உண்மைதான், ஆனால் பெரிய லாபம் அதுவல்ல. மாதக் கடைசியில் விற்பனைப் பிரிவு ஒரு தொகை சொல்லும், கணக்குப் பிரிவு வேறொரு தொகை சொல்லும். எது சரி என்று தேடியே நாட்கள் போகும். அந்த ஆளுக்கொரு கணக்கு ஒழிகிறதே, அதுதான் லாபம். கிடங்கில் இல்லாத சரக்குக்கு ஆர்டர் எடுப்பதும் நிற்கும். பழைய பாக்கியைத் தீர்க்காத வாடிக்கையாளருக்கே மறுபடி கடனில் சரக்கு போவதும் நிற்கும், ஏனென்றால் ஆர்டர் எடுப்பவரின் திரையிலேயே பாக்கி தெரிந்துவிடும்.

சரி, எப்படி இணைப்பது? வழிகளை ஒப்பிடும்போது வேகம், வசதி, செலவு என்று பட்டியல் போடுவார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இணைப்பு அறுந்தால் அது யாருக்கு, எவ்வளவு நேரத்தில் தெரியவரும்?

கோப்பாக எடுத்து ஏற்றுவது

ஒரு மென்பொருளிலிருந்து தகவலை சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து) கோப்பாக எடுத்து, எக்செல்லில் திறந்து சரிபார்த்து, இன்னொன்றில் ஏற்றுவது. இதை இணைப்பு என்றே பலர் நினைப்பதில்லை. ஆனால் அலுவலகங்களில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

இதில் ஆபத்து அந்த நடுவில் திறப்பதில் இருக்கிறது. 00417 என்ற பொருள் எண்ணை எக்செல் வெறும் 417 ஆக்கிவிடும். எண்களில் முதல் 15 இலக்கங்களைத்தான் அது துல்லியமாக வைத்துக்கொள்ளும்; 16 இலக்கக் கணக்கு எண்ணை எண்ணாகத் திறந்தால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் பூஜ்யமாகும். எக்செல்லின் பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பு வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிகள்தான். 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு கொரோனா பரிசோதனை முடிவுகளைத் திரட்டியபோது இந்த வரம்பில்தான் மாட்டிக்கொண்டது: 15,841 தொற்றுகள் அன்றாட எண்ணிக்கையில் சேராமல் போயின, தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலையும் தாமதமானது. கோப்பு ஏறிவிட்டது, எங்கும் பிழைச் செய்தி வரவில்லை. என் கேள்விக்கு இந்த வழி தரும் பதில் இவ்வளவுதான்: யாராவது தற்செயலாகக் கவனித்தால் தெரியும்.

அதற்காக ஒதுக்கிவிடவும் வேண்டாம். மாதம் ஒருமுறை, சில நூறு வரிகள், சரிபார்க்கப் பொறுப்பான ஒருவர் என்றால் இதுவே போதும். சம்பளத் தொகையைக் கணக்குக்குக் கொண்டுபோக மென்பொருளாளரைக் கூப்பிடுவது வீண் ஆடம்பரம்.

நேரடி ஏபிஐ இணைப்பு

ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் கேட்டு வாங்கவும் கொடுக்கவும் திறந்துவைத்திருக்கும் வாசல்தான் ஏபிஐ. ஆர்டர் உறுதியானதும் விற்பனை மென்பொருளே கணக்கு மென்பொருளைக் கூப்பிட்டு இன்வாய்ஸ் போடச் சொல்லும். நொடிகளில் முடியும், நடுவில் யார் கையும் படாது.

செய்து காட்டும்போது அழகாக இருக்கும். நிஜத்தில் என்ன நடக்கும்? இன்வாய்ஸ் போட்டாயிற்று, ஆனால் 'போட்டுவிட்டேன்' என்ற பதில் வருவதற்குள் இணையம் துண்டித்தது. அனுப்பிய பக்கம், வேலை நடக்கவில்லை போலும் என்று மறுபடி அனுப்பும். ஒரே ஆர்டருக்கு இரண்டு இன்வாய்ஸ். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாள எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் புதிதாக எதையும் உருவாக்காதே என்று எழுதிவைத்தால் இது வராது. கோரிக்கைகள் அதிகமாகிவிட்டால் எதிர்ப்பக்கம் 429 என்ற பிழை எண்ணைத் தந்து கதவைச் சாத்தும். அப்போது பொறுத்திருந்து திரும்பக் கேட்கவும் எழுத வேண்டும். நல்ல மென்பொருளாளர் இதையெல்லாம் எழுதுவார். அவசரத்தில் எழுதுபவர் விட்டுவிடுவார், முதல் வாரத்தில் வித்தியாசமும் தெரியாது.

இன்னொரு பிரச்சினை எண்ணிக்கை. ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் இணைத்தால் 5 மென்பொருள்களுக்கு 10 இணைப்புகள், 10க்கு 45. அத்தனையும் எழுதியவர் வேலையை விட்டுப் போன பிறகு, எதிர்ப்பக்கத்தில் ஏபிஐயின் புதிய பதிப்பு வந்தால் அப்புறம் தலைவலிதான். ஒன்றிரண்டு முக்கியமான, போக்குவரத்து அதிகமான தடங்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. மூன்றாவது நான்காவது என்று போகும்போது யோசிக்க வேண்டும்.

நடுவில் ஓர் இணைப்புத் தளம்

மென்பொருள்களுக்கு நடுவில் நின்று தகவலைக் கடத்தும் சேவைகள் இவை: ஸேப்பியர், மேக் (Make), என்8என், பெரிய நிறுவனங்கள் என்றால் மியூல்சாஃப்ட். ஒவ்வொரு மென்பொருளும் நடுவில் இருக்கும் தளத்தோடு ஒருமுறை இணைந்தால் போதும். 'இது நடந்தால் அதைச் செய்' என்று திரையிலேயே அமைத்துக்கொள்ளலாம். இந்தத் தேவை எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு கணக்கு: 2018இல் வாடிக்கையாளர் மேலாண்மை மென்பொருள் விற்கும் சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனம் மியூல்சாஃப்ட்டை வாங்கியது சுமார் 650 கோடி டாலருக்கு.

என் கேள்வியில் இந்த வழிதான் தேறுகிறது. எது ஓடியது, எது தோற்றது என்ற பதிவு ஒரே இடத்தில் இருக்கும், தோற்றால் மின்னஞ்சல் வரும், தோற்றதை மறுபடி ஓட்டலாம். குறைகளும் உண்டு. ஓடும் ஒவ்வொரு வேலைக்கும் கட்டணம் ஏறும் தளங்களில், ஆர்டர் பெருகப் பெருகப் பில்லும் பெருகும். சில இணைப்புகள் உடனே ஓடாமல், சில நிமிடங்களுக்கு ஒருமுறைதான் போய்ப் பார்க்கும். வாடிக்கையாளர் தகவல் மூன்றாம் நிறுவனத்தின் வழியாகப் போகிறது. அது ஆகாது என்றால் சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளக்கூடிய என்8என் போன்றவற்றைப் பார்க்க வேண்டும். சின்னதாகத் தெரியும் ஒரு விஷயமும் உண்டு: யாரோ ஒரு ஊழியரின் பெயரில் கணக்குத் திறந்து எல்லா இணைப்பையும் அதில் போடுவார்கள். அவர் விலகும் நாளில் அந்தக் கணக்கை மூடுவார்கள், இணைப்புகளும் கையோடு படுத்துவிடும். நிறுவனத்தின் பொது முகவரியில் திறப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஏபிஐயே இல்லாத பழைய மென்பொருளா? மனிதர் போலத் திரையில் கிளிக் செய்யும் ரோபோ மென்பொருள்கள் உண்டு. பொத்தான் கொஞ்சம் இடம் மாறினாலும் தடுமாறும். வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

எல்லாவற்றுக்கும் ஒரே ஈஆர்பி

விற்பனை, கணக்கு, சரக்கிருப்பு, சம்பளம் எல்லாவற்றையும் பார்க்கும் ஒரே பெரிய மென்பொருள்தான் ஈஆர்பி. எல்லாப் பிரிவும் ஒரே தரவுத்தளத்தில் இருந்தால் உள்ளுக்குள் இணைக்க எதுவுமே இல்லை. எண்கள் முரண்படும் பேச்சும் இல்லை. சுத்தமான தீர்வு, ஆனால் கனமான தீர்வு. பழகிய முறைகளை மென்பொருளுக்கு ஏற்ப மாற்ற வேண்டும், பழைய தகவலைத் துடைத்து ஏற்ற வேண்டும். வங்கி, இணையக் கடை, கூரியர் என்று வெளியே இருப்பவற்றை அப்போதும் இணைத்தே ஆக வேண்டும்.

1999இல் அமெரிக்க சாக்லேட் நிறுவனமான ஹெர்ஷி, ஈஆர்பி, விநியோகத் திட்டமிடல், வாடிக்கையாளர் மேலாண்மை மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றியது, அதுவும் சாக்லேட் அதிகம் விற்கும் ஹாலோவீன் பண்டிகைப் பருவத்துக்கு முன்னால். கிடங்கில் சரக்கு இருந்தும் 10 கோடி டாலருக்கு மேற்பட்ட ஆர்டர்களை அனுப்ப முடியவில்லை. மென்பொருள் மோசம் என்பதைவிட, எல்லாவற்றையும் ஒன்றாக, பரபரப்பான பருவத்தில் மாற்றியதுதான் கோளாறு. ஈஆர்பிதான் வேண்டும் என்றால் பிரிவு பிரிவாக, வியாபாரம் மந்தமான மாதத்தில் மாற்றுங்கள்.

என் தேர்வு

ஐந்தாறு மென்பொருள்கள் வைத்திருக்கும் நடுத்தர நிறுவனம் என்றால் நான் இப்படிச் செய்வேன்: ஆர்டர், சரக்கிருப்பு, இன்வாய்ஸ் மூன்றையும் இணைப்புத் தளத்தில் போடுவேன். ஆர்டர் பெருகிக் கட்டணம் உறுத்தும்போது அந்தத் தடத்தை மட்டும் நேரடி ஏபிஐக்கு மாற்றுவேன். மாதாந்திர வேலைகள் கோப்பிலேயே தொடரட்டும்.

அதற்கு முன்னால் ஒரு தாளில் எழுத வேண்டியவை உண்டு. வாடிக்கையாளர் முகவரி இரண்டு இடத்தில் வேறுபட்டால் எந்த மென்பொருள் சொல்வது செல்லும்? விற்பனையில் '10' என்றால் பத்துப் பெட்டியா, பத்துத் துண்டா? 1999இல் நாசாவின் செவ்வாய்க் கலம் தொலைந்தது இப்படித்தான்: ஒரு மென்பொருள் பவுண்டு அலகில் கொடுத்த எண்ணை இன்னொன்று நியூட்டன் அலகாக எடுத்துக்கொண்டது. இணைப்பில் எந்தப் பழுதும் இல்லை.

எல்லாம் ஓட ஆரம்பித்த பிறகு, வேலை குறைவான ஒரு மதியம், யாரிடமும் சொல்லாமல் ஓர் இணைப்பை நிறுத்திவைத்துப் பாருங்கள். சாயங்காலம் வரை யாரும் கேட்கவில்லை என்றால், எச்சரிக்கை மின்னஞ்சல் யாருக்குப் போகிறது என்பதை முதலில் மாற்றுங்கள்.