கியர்பாக்ஸை இறக்கச் சொன்னால் முதலில் கிளட்ச் பெடலுக்கு அடியில் பாருங்கள்

திருச்சியில் எனக்கு நேர்ந்த இழப்பு மேனுவல் கியர் கார் வைத்திருக்கும் வேறு எவருக்கும் நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒன்பது ஆண்டுகள் ஓடிய எங்கள் காரில், கடந்த ஜூன் மாதத்தில், முதல் கியரும் ரிவர்ஸும் எளிதில் விழாமல், அழுத்திப் போட்டால் கரகரவென்று பல் உரசும் சத்தம் வரத் தொடங்கியது. நான் கொண்டுபோய் விட்ட ஒர்க்‌ஷாப்பில், தெருமுனை வரை ஓட்டிப் பார்த்த ஒருவர், கியர் மாற்றும்போது பற்கள் உரசாமல் வேகத்தைச் சமப்படுத்தும் சின்க்ரனைசர் ரிங்குகள் தேய்ந்துவிட்டன என்றும் கியர்பாக்ஸை இறக்கியே ஆகவேண்டும் என்றும் சொல்லி, 20,000 ரூபாய் முன்பணம் வாங்கினார். ஆறாம் நாள் மொத்தமாக 46,500 ரூபாய் கொடுத்துக் காரை எடுத்துவந்தேன். எடுத்துவந்த நான்காம் நாள் காலையில் அதே சத்தம் மறுபடியும் கேட்டது. தொலைபேசியில் கேட்டபோது, புது ரிங்குகள் செட்டாக ஆயிரம் கிலோமீட்டர் ஓடவேண்டும் என்றார்கள்.

மனம் கேட்காமல், உறையூரில் தனியாகத் தொழில் செய்யும் வயதான மெக்கானிக் ஒருவரிடம் காட்டினேன். "இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு கியர் போடுங்க சார்" என்றார். எல்லாக் கியரும் வெண்ணெய் போல விழுந்தன. இன்ஜினை ஓடவிட்டால் முதல் கியர் முரண்டு பிடித்தது. கிளட்ச் பெடலை நான்கைந்து முறை மிதித்துவிட்டுப் போடச் சொன்னார், உடனே விழுந்தது. கியர்பாக்ஸுக்குள் கோளாறு என்றால், பெடலை மிதித்து மிதித்து அதைச் சரிசெய்ய முடியாது. பெடலை மிதித்தும் கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை, அதாவது இன்ஜினையும் கியர்பாக்ஸையும் முழுதாகப் பிரிக்கவில்லை என்பதற்கே இது அடையாளம். சின்க்ரனைசர் தேய்ந்திருந்தால், பெரும்பாலும் ஓடும்போது குறிப்பிட்ட ஒரு கியருக்கு மாற்றுகையில்தான் உரசும் என்றும் அவர் விளக்கினார்.

பிறகு பெடலுக்கு அடியில் கிடந்த தரை விரிப்பை விலக்கி, பெடல் கம்பி நுழையும் ரப்பர் உறைக்குள் விரலை விட்டு எடுத்தார். விரல் நனைந்திருந்தது, பெடல் தண்டில் பெயின்ட் கொப்பளித்து உரிந்திருந்தது. கிளட்சிலும் பயன்படும் பிரேக் ஆயில் பட்டால் பெயின்ட் அப்படித்தான் உரியும். பெடலின் அழுத்தத்தை ஆயில் வழியாகக் கிளட்சுக்குக் கடத்தும் கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர் கசிந்துகொண்டிருந்தது. ஒர்க்‌ஷாப்பில் ஆயிலை நிரப்பி, கிளட்ச் ஆயில் குழாயில் புகுந்த காற்றை எடுத்துக் கொடுத்ததால்தான் மூன்று நாள் ஒழுங்காக ஓடியிருக்க வேண்டும் என்றார். பல கார்களைப் போல எங்கள் காரிலும் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில் தொட்டி, கசிந்தால் பிரேக்குக்கான ஆயிலும் குறையலாம் என்பதால், இந்தக் கசிவைக் கவனிக்காமல் கொடுத்தது பணத்தை மட்டும் சார்ந்த பிழை அன்று. அந்தக் காரில்தான் என் மகளைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றேன். புது சிலிண்டரும் கூலியும் சேர்த்து 3,200 ரூபாய் ஆனது. இரண்டு மாதங்களாக ஒரு குறையும் இல்லை.

ஒர்க்‌ஷாப்பில் கொடுத்த தாளில் பாக எண்ணோ ஜிஎஸ்டி எண்ணோ இல்லை. கழற்றிய பழைய ரிங்குகளைக் கேட்டதற்குக் குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். வேலை தொடங்கும் முன்பே, பழைய பாகங்கள் எனக்கு வேண்டும் என்று எழுதி வாங்கியிருக்க வேண்டும். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துள்ளேன். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்வேன். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். கசிந்த சிலிண்டரை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தத் தாளுடன் பத்திரமாக வைத்திருக்கிறேன்.