விளம்பரத்தில் எதிராளியைச் சீண்டுவதா, தன் சரக்கைப் பேசுவதா?

இரண்டாம் இடத்தில் இருப்பவருக்குச் சீண்டல் லாபம். இழக்க அவரிடம் அதிகம் இல்லை. 1975இல் பெப்சி, பெயர் ஒட்டாத இரண்டு குவளைகளை, ஒன்றில் பெப்சி, மற்றதில் முதலிடத்துக் கோகோ கோலா என்று நீட்டி, எது பிடிக்கிறது என்று மக்களைக் கேட்டது. பலர் பெப்சியைக் காட்ட, அதுவே விளம்பரமானது. கோகோ கோலா 1985இல் சுவையையே மாற்றியது. வாடிக்கையாளர்கள் கொதித்ததும் 79 நாளில் பழையதைத் திரும்பக் கொண்டுவந்தது. (ஒரு மடக்கு ருசிப்பது வேறு, ஒரு பாட்டில் குடிப்பது வேறு!)

முதலிடத்தில் இருப்பவர் பதிலுக்குத் திட்டினால், எதிராளிக்குத் தன் காசில் விளம்பரம். அதனால் பெரும்பாலும் தன் சரக்கைத்தான் பேசுவார்.

நடுவே ஒரு வழி: வாடகைக் கார் நிறுவனமான ஏவிஸ் 1962இல், 'நாங்கள் இரண்டாமிடம், அதனால் கூடுதலாக உழைக்கிறோம்' என்றது. முதலிடத்து ஹெர்ட்ஸுக்குக் குத்து விழுந்தது. சண்டை போட்ட மாதிரியும் இல்லை. எனக்குப் பிடித்தது இதுதான்.